கேக்கல

மரங்கள்கூட ஏறி வராத உயரத்தில், நடந்து போகிறவர்களுக்காகச் சரிவை வெட்டிப் பாதை போடும் குழுவில் அவர் பன்னிரண்டு வருடமாகக் கடப்பாரைக்காரர். வழியை மறிக்கும் பாறையை நெம்பிப் பள்ளத்தில் தள்ள வேண்டும். தள்ளுமுன் "கல்லு" என்று கத்துவார். கீழே நிற்கும் ஆள் ஒதுங்கிக்கொண்டு "தள்ளு" என்பான். அந்தப் பதில் வராமல் கடப்பாரையை அழுத்தக் கூடாது.

பாறை துளைக்கும் மெஷின் சத்தத்தில் இடது காது எப்போதோ போய்விட்டது. இந்த வருடம் வலதும் அடைத்துக்கொண்டது. வீட்டில் மனைவி தரையைக் காலால் தட்டித்தான் கூப்பிடுவாள். இத்தனை நாளாகத் திமிர் என்று நினைத்தேன், காதுதானா என்று சிரித்தவள், அடுத்த நிமிடமே மேஸ்திரியிடம் சொல்லிவிடச் சொன்னாள். சொன்னால் மலையை விட்டு இறக்கிவிடுவார்கள். வேறு வேலை அவருக்குத் தெரியாது. கீழே நிற்பவனின் வாயைப் பார்த்தே சமாளித்தார். நிற்பவன் மனைவியின் தம்பி. அவனுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம்தான். வேலையில் சேர்த்துவிட்டதும் இவர்தான்.

அன்று காலை பாறையின் அடியில் கடப்பாரையைக் கொடுத்த நேரம் பார்த்து மேகம் இறங்கியது. நாலடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. "கல்லு" என்று கத்தினார். பதில் வந்ததா, வரவில்லையா? அவன் வாயைத் தேடி மேகத்துக்குள் கண்ணை இடுக்கிப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மேஸ்திரி இவரையே பார்த்தார். தள்ளாமல் ஏன் நிற்கிறாய் என்று கேட்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. பிடியை மாற்றியபோது கடப்பாரை கல்லில் தட்டியது. அந்தச் சத்தம்கூட அவருக்குக் கையில்தான் தெரிந்தது. வேலை போனால் போகட்டும்.

"எனக்குக் கேக்கல," என்றார்.

"எனக்கும் கேக்கல. அழுத்தாத," என்று கையைக் காட்டிவிட்டு மேஸ்திரி கீழே இறங்கினார்.

மைத்துனன் கால் பிசகி, பாறை உருளவிருந்த தடத்திலேயே உட்கார்ந்திருந்தான். வலியில் அவனுக்குக் குரலே எழும்பவில்லை.

மதியச் சாப்பாட்டின்போது குழுவே அவருக்குப் பாம்புக் காது என்று பெயர் வைத்தது. எல்லோரும் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்து வைத்தார். மேஸ்திரி தோளைத் தட்டி, இனி எந்தப் பாறையானாலும் நீ சொன்ன பிறகுதான் தள்ளுவது என்று முகத்துக்கு நேரே சொன்னார். கட்டுப்போட்ட காலோடு எதிரே இருந்த மைத்துனன் சொன்னதையும் அவன் உதட்டிலிருந்து ஓர் எழுத்து விடாமல் படித்தார்.

"நீங்க மேல நின்னா எனக்குப் பயமே இல்ல, அத்தான்."

அவர் தட்டைக் கீழே வைத்தார். இப்போது வந்த பயத்தின் முன் காலையில் வந்தது ஒன்றுமே இல்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு எழுந்து மேஸ்திரியிடம் போனார்.

"காலையில நான் சொன்னது வேற. எனக்குக் காதே கேக்காது. ரொம்ப நாளாச்சு."

மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னார்.

"இந்தப் பக்கம் பாத்துச் சொல்லுங்க மேஸ்திரி. கேக்கல."

இந்த முறை அந்தச் சொல் மேஸ்திரிக்குச் சரியாகப் புரிந்தது. மெல்லத் திரும்பி, கடப்பாரைக்காகக் கையை நீட்டினார்.