சென்றியில் இறங்கி நடந்தேன்

இங்கே ரொறன்ரோவில், மோர்னிங்சைட் வீதியில் பனி வழிக்கும் வண்டி ரோட்டை உரசிக்கொண்டு போனால், இன்றைக்கும் என் கை பாஸ்போர்ட்டைத் தேடுகிறது. நான் முன்பு வேலை செய்த நாட்டில் டாங்கிகள் வந்ததும் இதே சத்தத்தோடுதான்.

நாட்டின் பெயர் வேண்டாம். சிநேகிதிகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். நான் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு செவ்வாய் காலை இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஒரு வெடிகூட இல்லை. பேக்கரி திறந்திருந்தது. பிள்ளைகள் டாங்கியில் சாய்ந்து படம் எடுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த நான் மட்டும் வாளிகளில் தண்ணீர் நிரப்பினேன். பாஸ்போர்ட்டை அரிசிக்குள் புதைத்தேன், எடுத்தேன், மறுபடியும் புதைத்தேன்.

வியாழன் ரொறன்ரோவிலிருந்து அக்காவின் மகள் அழைத்தாள். "சித்தி, அம்மாவுக்கு ஏலாது. டொக்டர் ரெண்டு மூண்டு நாள் எண்டுறார். உங்களைத்தான் கேக்கிறா."

வெள்ளி மாலை விமானத்தில் ஓரிடம் கிடைத்தது. ஆனால் விமான நிலைய வீதியில் இராணுவச் சோதனை. கார்கள் அசையவில்லை. "ஆண்டவரே, அக்காவுக்குப் பேச்சு இருக்கும்போதே என்னைக் கொண்டுபோய்ச் சேரும்." ஜெபித்தபடியே டாக்சியை விட்டு இறங்கிவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. எங்கள் ஊரில் சென்றி, அதுதான் இராணுவக் காவலரண், வந்தால் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கவேண்டும். இங்கே ஒருவரும் இறங்கவில்லை. டாக்சிக்காரர் பின்னால் கத்தினார். இருந்த காசை அவரிடம் கொடுத்துவிட்டு, பாஸ்போர்ட்டைத் தலைக்கு மேலே பிடித்தபடி அத்தனை கார்களையும் தாண்டி நடந்தேன்.

சிப்பாய் என் டிக்கெட்டைப் பார்த்தான். மணிக்கூட்டைப் பார்த்தான். ஏன் நடக்கிறாய் என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டான். "அக்கா," என்றேன். தமிழ்தான் வந்தது. அவன் என் பையை வாங்கி, சென்றிக்கு அப்பால் ஒரு வான் வண்டியை மறித்து என்னை ஏற்றிவிட்டான்.

இந்தப் பயத்தை எடுத்துவிடும் என்று எத்தனை வருடம் ஜெபித்திருக்கிறேன். ஆண்டவர் எடுக்கவில்லை. அதன் கால்களாலேயே என்னை நடத்திக்கொண்டு போனார். இன்றும் நான் அமைதியானவள் இல்லை. ஆனால் அதற்காக வெட்கப்படுவதை விட்டுவிட்டேன். அன்பானவர்களே, உங்களுக்குள் எது ஆறாமல் கிடக்கிறதோ, அதையும் அவர் கையில் கொடுத்துப் பாருங்கள்.

ஸ்காபரோ ஆஸ்பத்திரியில் அக்கா ஒரு முழுப் பகல் என்னோடு கதைத்தா.

"ஆமி பிடிச்ச நாடு எண்டாங்கள். நீ நல்லாக் கொழுத்தெல்லோ வந்திருக்கிறாய்."

பின்னேரம் கண் சொருகியது. என் கையை மெல்ல விட்டா.

"சரியடி, கதைச்சது காணும். நான் கொஞ்சம் படுக்கப்போறன். லைட்டை நூத்துப்போட்டுப் போ. கதவை மட்டும் சாத்தாதை."