ஆற்றங்கரைக்கு வீடு மாறினோம்

என் கணவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கிள்ளான் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். எந்தக் கப்பலில் எந்தக் கொள்கலன் எங்கே உட்கார வேண்டும் என்று திட்டம் போடுவதுதான் அவர் வேலை. கனமானது கீழே, லேசானது மேலே, முதலில் இறங்க வேண்டியது கடைசியில் ஏற வேண்டும். அவர் போட்ட திட்டப்படி ஊரான் வீட்டுச் சாமான்கள் எல்லாம் உலகம் சுற்றியிருக்கின்றன. எங்கள் வீட்டுச் சாமான்களை ஒரு தாமான் குடியிருப்பிலிருந்து கிள்ளான் பட்டணத்துக்கு, காரில் இருபது நிமிட தூரத்துக்கு, மாற்ற வேண்டும் என்று ஆனபோது அவர் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியை எங்கள் கல்யாண ஆல்பத்தில்கூட நான் பார்த்ததில்லை.

நாங்கள் இருந்தது வாடகை வீடு. வீட்டுக்காரரின் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. வீடு அவர்களுக்கு வேண்டியிருந்தது. எங்கள் ஒரே மகள் பினாங்கில் குடும்பமாகி இருக்கிறாள். எங்கள் இருவருக்கு எதற்குப் பெரிய வீடு என்று, ஆற்றோரம் பழைய கடைவீட்டு வரிசை ஒன்றில் மாடியை மட்டும் பார்த்தோம். அந்த வரிசைக்கு அப்போதுதான் புதுச் சாயம் அடித்திருந்தார்கள். சன்னல் கதவுகளுக்கு நீலம், சுவருக்கு மோர் நிறம். புது வீட்டுக்காரர் சாவியைக் கொடுக்கும் முன்பே சொல்லிவிட்டார். "இது பாரம்பரியக் கட்டடம். ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது."

"ஆறு தெரியுது பாரு," என்றார் கணவர், சன்னலோரம் நின்று. பால் அதிகம் விட்ட தேத்தண்ணீர் நிறத்தில் ஆறு தெரிந்தது. நீர் வற்றும் நேரத்தில் சேற்று வாடையும் வந்தது. எனக்குப் பிடித்தது வேறு. கீழே இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் லிட்டில் இந்தியா. பூ, காய்கறி, மளிகை எதற்கும் இவரைக் காரை எடுக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம். இதை நான் சொல்லவில்லை. ஆறு அழகாக இருப்பதாகச் சொன்னேன்.

அன்றிரவே சாப்பாட்டு மேசை அலுவலகமாகிவிட்டது. வரவு செலவுத் திட்டத்தில் லோரிக்கு ஒரு பகுதி, ஆட்களுக்கு ஒரு பகுதி, பெட்டி, கயிறு, ஒட்டுநாடாவுக்கு ஒரு பகுதி. அவசரத்துக்கென்று ஒரு பகுதியை ஒதுக்கி, அதைத் தொடுவதாக இருந்தால் இரண்டு பேரும் கூடிப் பேசித்தான் தொட வேண்டும் என்று விதியும் போட்டார். "இதர செலவு" என்ற பகுதி எனக்கு. பழைய வீட்டைக் கழுவிவிடுவதிலிருந்து, உதவிக்கு வருபவர்களுக்குச் சோறு போடுவது வரை, அவர் கணக்கில் இடம் கிடைக்காத எல்லாமே அந்தப் பகுதியில்தான் வந்து விழுந்தன. தொகை மட்டும் வளரவில்லை.

அடுத்தது சாமான்களின் விசாரணை. ஒவ்வொன்றும் தான் ஏன் வர வேண்டும் என்று நிரூபித்தாக வேண்டும்.

"இந்த கிரைண்டரைக் கடைசியா எப்ப யூஸ் பண்ணின?"

"தீபாவளிக்கு."

"எந்தத் தீபாவளி?"

கிரைண்டர் தோற்றது. என் தையல் மெஷின் தோற்றது. கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் குடங்களில் ஒன்று மட்டும் பிழைத்தது. ஆனால் துறைமுகத்திலிருந்து கொண்டு வந்த நான்கு பாதுகாப்புத் தொப்பிகளும், முள் நகராத ஒரு பித்தளைக் கடிகாரமும், மூன்று பெட்டி ஸ்பேனர்களும் விசாரணைக்கே வரவில்லை. அவை சாமான் இல்லையாம், 'எக்விப்மென்ட்'டாம்.

கடைசியில் மிஞ்சியது என் அலமாரி. தேக்கு, நடுவில் ஆளுயரக் கண்ணாடி, மேலே பூவேலை. கல்யாணத்தின்போது என் அப்பா மஸ்ஜித் இந்தியா கடைத்தெருப் பக்கம் ஒரு கடையில் சொல்லிச் செய்தது. கழற்ற முடியாது, ஒரே கட்டு.

"இது ரொம்ப ஹெவி," என்றார்.

"நானும்தான்," என்றேன். "ரெண்டு பேரும் வர்றோம், இல்ல ரெண்டு பேரும் வரல."

அவர் அலமாரியை அளந்தார். புது வீட்டுக்குப் போய் வாசலை அளந்தார், படிக்கட்டின் அகலத்தை அளந்தார். "போகும்," என்று அறிவித்துவிட்டு அதன் முதுகில் சிவப்பு ஒட்டு ஒன்றை ஒட்டினார். சிவப்பு என்றால் கனம். லோரியில் முதலில் ஏற வேண்டும்; மஞ்சள் அடுத்து, பச்சை கடைசியில்.

லோரிக்கு மூன்று பேரிடம் விலை கேட்டோம். முதல் ஆள் நிறையக் கேள்வி கேட்டார், விலையும் நிறையச் சொன்னார். இரண்டாமவர் படிக்கட்டு இருக்கிறது என்றதும் தயங்கினார். மூன்றாமவர் எதையும் கேட்கவில்லை. "போலே லா அங்கிள், எல்லாம் ஏத்திடலாம்," என்றார். போலே என்றால் மலாயில் முடியும். விலையும் குறைவு. திட்டத்துக்குப் பொருத்தமானவர் அவரே என்று முடிவானது.

ஞாயிறு காலை லோரி வந்தது. எங்களுக்குச் சொன்னதைவிட ஒரு சுற்றுச் சிறியது.

"பெரிய லோரி வொர்க்‌ஷாப்ல கிடக்கு அங்கிள். இதுவும் போலே. ரெண்டு டிரிப் அடிச்சிருவோம்."

இரண்டு டிரிப் என்றதுமே திட்டத்தின் பாதி செத்துப் போனது. மீதிப் பாதியை லோரிக்காரரின் இரண்டு ஆட்களும் பார்த்துக்கொண்டார்கள். கையில் கிடைத்ததைக் கிடைத்த வரிசையில் ஏற்றினார்கள். சிவப்பின் மேல் மஞ்சள், மஞ்சளின் மேல் சிவப்பு. கணவர் ஏற்றும் வரிசை எழுதிய காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தார்.

"தம்பி, பச்சைய கடைசில ஏத்தணும். அதான் முதல்ல இறங்கும்."

"ஓகே பாஸ்," என்று சொல்லி அவர்கள் பச்சையை ஏற்றினார்கள்.

அலமாரிக்கு இடமில்லை. அது இரண்டாவது டிரிப்புக்குப் போனது, முதலில் ஏற வேண்டியது கடைசியில். பாதுகாப்புத் தொப்பிகள் மட்டும் பத்திரமாக முதல் டிரிப்பிலேயே போய்ச் சேர்ந்துவிட்டன.

ஆற்றங்கரைத் தெருவில் அன்று எங்களுக்கு வரவேற்பு இருந்தது. பழைய கட்டடங்களைச் சுற்றிக் காட்டும் நடைக்கூட்டம் ஒன்று, ஒரே நிறத் தொப்பியும் கேமராவுமாக, எங்கள் வாசல் முன்னால் நின்றது. மாடியை அண்ணாந்து பார்த்து வழிகாட்டிப் பெண் ஆங்கிலத்தில் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். என் வாளியும் துடைப்பமும் அவர்களுக்கு நடுவே வழி கேட்டுப் போயின.

அலமாரி படியில் ஏறியது. அவர் சொன்ன மாதிரியே அகலம் சரியாக இருந்தது. ஆனால் அந்தப் படிக்கட்டு மேலே போய் ஒரு திருப்பம் திரும்புகிறது. அங்கே போனதும் அலமாரி நின்றுவிட்டது. சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள், படுக்க வைத்தார்கள். அரை மணி நேரம் ஆனது. கடைசியில் லோரிக்காரரே, வாழ்க்கையில் முதல் முறையாக இருக்கும், "தாக் போலே லா அங்கிள்," முடியாது என்றார். அலமாரியைத் தெருவுக்கே இறக்கினார்கள்.

கணவர் தெருவுக்கு இறங்கி எதிர்ப்பக்கம் போய் நின்று மாடி சன்னலைப் பார்த்தார். கூரைக்குக் கீழே, அந்தக் காலத்தில் மூட்டை ஏற்ற மாட்டிய இரும்பு வளையம் ஒன்று அப்படியே இருந்தது. அவர் முகம் மாறியது. மேலே ஓடி வளையத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. சன்னலை அளந்தார், மறுபடி அளந்தார். "ரெண்டு விரல் மிச்சம் இருக்கு," என்று மேலேயிருந்து கத்தினார். பக்கத்து இரும்புக்கடையில் கப்பியும் கயிறும் வாடகைக்குக் கிடைத்தன. அவசரத் தொகையை யாரோடும் கூடிப் பேசாமல் அவரே தொட்டார்.

அலமாரிக்குப் போர்வை சுற்றினார்கள். லோரி ஆட்கள் இருவரும் கயிற்றைப் பிடித்தார்கள். தொப்பிக் கூட்டத்திலிருந்து பருமனான ஒரு வெள்ளைக்காரரும் ஆர்வமாக வந்து பிடித்தார். கணவர் எங்கிருந்தோ ஒரு பாதுகாப்புத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார். ஒரு கையை உயர்த்தி விரலைச் சுழற்றினார். அலமாரி தரையை விட்டு எழும்பியது. ஓய்வு பெற்ற பிறகு அவர் முதுகு அவ்வளவு நேராக நின்று நான் பார்க்கவில்லை. வழிகாட்டிப் பெண் இதையும் விளக்கத் தொடங்கினாள். ஆற்றில் வந்த சரக்கு அந்தக் காலத்தில் இப்படித்தான் மாடிக்குப் போகுமாம். "லிவிங் ஹெரிட்டேஜ்," என்றாள். கேமராக்கள் எல்லாம் என் அலமாரியின் பக்கம் திரும்பின.

சன்னலுக்கு நேராக வந்ததும் நின்றது. மேலே நின்ற நான்தான் முதலில் பார்த்தேன். சன்னல் கதவுகள் உள்பக்கமாக மடங்குகிறவை. மடங்கிய கதவுகளின் தடிமன் இரண்டு பக்கமும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அவர் அளந்தது வெறும் சட்டத்தை.

"என்னங்க, கதவு இடிக்குது!"

"கதவைக் கழட்டு!"

கீலெல்லாம் சாயத்தில் மூழ்கி இறுகிக் கிடந்தன. வீட்டுக்காரருக்கு போன் போட்டேன். அவர் பதறிப்போனார். "ஐயோ, கதவத் தொட்டுடாதீங்க ஆன்டி! அதான் ஒரிஜினல்!"

கணவர் கையைக் கீழ்நோக்கிக் காட்டினார். வந்த வழியே அலமாரி மெல்ல இறங்கியது. அது தரையைத் தொட்டதும் கூட்டம் கைதட்டியது. இறக்குவதும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்திருப்பார்கள். வெள்ளைக்காரர் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

கூட்டம் கலைந்தது. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கீழ்ப்படியில் உட்கார்ந்தார். இவர் எங்கேயாவது சறுக்கட்டும் என்று கிரைண்டர் போன நாளிலிருந்து காத்திருந்தவள் நான். சொல்வதற்கு நாலு வார்த்தைகூடத் தயாராக வைத்திருந்தேன். அவரை அப்படிப் பார்த்ததும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கதவ அளக்கலையே நான்," என்றார்.

"யார்தான் கதவ அளப்பா?" என்றேன்.

அலமாரி நடைபாதையில் நின்றது. மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. எங்கள் மாடிக்கு நேர் கீழே ஒரு தையல் கடை. அதை நடத்தும் பெண் காலையிலிருந்து எல்லாவற்றையும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தூறல் விழுந்ததும் அவளே வந்தாள்.

"அக்கா, மழையில நனைய விடாதீங்க. இப்போதைக்கு என் கடையில வைங்க. கஸ்டமருக்கு ஆளுயரக் கண்ணாடி ஒண்ணு வாங்கணும்னு நானே ரொம்ப நாளா பாக்குறேன்."

இப்போதைக்கு என்று போனது இன்னும் அங்கேதான் இருக்கிறது. இரண்டு மூன்று மாதம் கணவர் படம் வரைந்து பார்த்தார். அலமாரியை நடுவில் அறுத்து மேலே கொண்டுபோய் ஒட்டலாம் என்று ஒரு நாள் சொன்னார். நான் பார்த்த பார்வையில் அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டார். என் தினசரித் துணிகள் மாடியில் பிளாஸ்டிக் பெட்டிகளில் இருக்கின்றன. பட்டுச் சேலைகள் மட்டும் கீழே. கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போவதென்றால் நைட்டியின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போகிறேன். தையல்காரப் பெண் கடைத் திரையை இழுத்துவிட்டு எனக்குக் கொசுவம் பிடித்துவிடுவாள். அப்படியே தேத்தண்ணீர் குடித்து, தெருவில் யார் வீட்டில் என்ன என்று கேட்டுவிட்டு ஏறினால் ஒரு மணி நேரம் போயிருக்கும். தாமானில் இருந்த வருஷங்கள் முழுக்க அக்கம்பக்கத்தில் பேசியதைவிட இந்த ஆறு மாதத்தில் அதிகம் பேசியிருக்கிறேன். கணவரின் பேன்ட்டுகளை அவள் காசு வாங்காமல் கீழே மடித்துத் தைத்துத் தருகிறாள். அலமாரிக்கு அவள் தருகிற வாடகை அதுதான் என்பது அவர் எண்ணம். நாம் இடத்துக்குத் தரவேண்டிய வாடகையை அவள் கேட்காமல் இருக்கிறாள் என்பது என் எண்ணம்.

போன வாரம் அவள் மாடிக்கே ஏறி வந்தாள்.

"அக்கா, உங்க மெரூன் பட்டு இருக்குல்ல, அலமாரி திறந்திருந்தப்ப அதைப் பாத்துட்டு ஒரு ஆன்டி விலை கேட்டாங்க. இந்த மாதிரி சரிகை இப்ப கிடைக்காதாம். எவ்வளவுன்னாலும் தர்றேங்கிறாங்க."

அது என் கல்யாணச் சேலை. விற்பதற்கில்லை என்று சொல்லச் சொன்னேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்று முழுக்க எனக்குச் சிரிப்பும் பூரிப்புமாக இருந்தது. அந்தச் சேலையை யாராவது கவனித்துப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது!

கணவர் சன்னலோரம் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறார்.

"விக்க மாட்டேன்னு சொல்லிட்டல்ல?"

"சொல்லிட்டேன்."

"நல்லது. அதெல்லாம் விக்கிற பொருளா?" என்று மறுபடி ஆற்றின் பக்கம் திரும்பினார். என்னைப் பார்க்காமலே கேட்டார். "சும்மா தெரிஞ்சுக்கத்தான்... எவ்வளவு வரைக்கும் தருவாங்களாம்?"