சோதனைச் சாவடியில் ஒரு சின்னக் கணினி

போன கிழமை மகள் புதுக் கணினி வாங்கிவந்தாள். திரை மேசையில் இருந்தது. கணினிப் பெட்டியைத் தேடி மேசைக்குக் கீழே குனிந்த நான், எழும்பும்போது தலையை இடித்துக்கொண்டதுதான் மிச்சம். அவள் சிரித்தபடி திரைக்குப் பின்னாலிருந்து ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். சவர்க்காரப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இனி இதிலும் பாதி அளவில் வருமாம். இதற்குமேல் சின்னதாக்க வேண்டாம் என்று சொன்னேன். "இடமும் மிச்சம், கரண்டும் மிச்சம். பிறகென்னம்மா?" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். என் நியாயம் வேறு. அவளுக்குச் சொல்ல வாய் வரவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன்.

முதன்முதலாகச் சூடேறும் புதுச் சாமானுக்கென்று ஒரு மணம் உண்டு. அந்த மணம் என்னைக் கொழும்பு கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டது. யுத்த காலம். அங்கே ஒரு மொழிபெயர்ப்பு அலுவலகத்தில்தான் என் முதல் வேலை. பிறப்புச் சான்றிதழ், கலியாணப் பதிவு, காணாமல் போன பிள்ளையைத் தேடித் தாய்மார் எழுதும் மனு என்று எல்லாவற்றையும் சிங்களத்துக்கு மாற்றுவோம். நடத்தியவர் அன்ரன் அண்ணன். அங்கிருந்த பழைய கணினி ஒரு பெரிய டவர். அதன் தலையில் சோற்றுப் பார்சலை வைத்தால் ஒரு மணிவரைக்கும் சூடு ஆறாது. அது செத்த பிறகு, டெலிபோன் டிரெக்டரி அளவில் ஒரு சின்னக் கணினி வாங்கினார். அந்த நாளில் அப்படியொன்றை நாங்கள் கண்டதேயில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டுவார்.

மூன்று மாதத்தில் அது குழப்படி செய்யத் தொடங்கியது. ஒரு நாள் எழும்பும், ஒரு நாள் எழும்பாது. திருத்துகிறவர் வெள்ளவத்தையில் இருந்தார். நான் குடியிருந்ததும் அங்கேதான்.

"சின்னன்தானே தங்கச்சி, பையில வச்சுக்கொண்டு போங்கோ" என்றார் அன்ரன் அண்ணன். சாறிக்கடைத் துணிப்பை ஒன்றில் வயரையும் சுற்றிப் போட்டுத் தந்தார்.

வெள்ளவத்தைக்குக் கொஞ்சம் முன்னால் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அது வழக்கம்தான். வரிசையில் நின்றபோது இரவுக் கறிக்கு என்ன செய்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். பெண்களைச் சோதித்த பொலிஸ்காரிக்கு என் வயதுதான் இருக்கும். பைக்குள் கையை விட்டவள், சுட்டதுபோல வெளியே இழுத்தாள். "மே மொகத்த?" இது என்ன என்று கேட்கிறாள்.

சிங்களம் எனக்குச் சோறு போட்ட மொழி. அந்த நேரத்தில் ஒரு சொல்கூட நினைவுக்கு வரவில்லை. "கம்பியூட்டர்" என்று மட்டும் சொன்னேன். அவள் திரும்பவும் எட்டிப் பார்த்தாள். திரையில்லை, விசைப்பலகையில்லை. ஒரு இரும்புப் பெட்டி, அதைச் சுற்றி வயர். அடையாள அட்டையில் யாழ்ப்பாணத்துப் பிறந்த இடம். அவள் குரல் எழுப்பியதும் எனக்குப் பின்னால் நின்ற வரிசை கலைந்துபோனது.

அதிகாரி ஒருவர் வந்தார். பெட்டியைத் தெருவோரத்து வெறும் நிலத்தில் வைத்து இயக்கிக் காட்டச் சொன்னார். எதிரே டெலிபோன் எடுக்கிற ஒரு கொமியுனிகேஷன் கடை. அங்கிருந்து திரையைக் கொண்டுவரச் சொன்னார்கள். கடைக்காரர் தொப்பி போட்ட ஒரு முஸ்லிம் நானா. அவரோடு நான் ஒருநாளும் கதைத்ததில்லை. திரையையும் நீள வயரையும் கொண்டுவந்து, "கம்பியூட்டர்" என்று நான் திரும்பவும் சொன்னதைக் கேட்டபடி பூட்டிவிட்டு ஒதுங்கினார். எல்லோரும் மண்மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டார்கள். பொத்தானை அழுத்த வேண்டியது நான்.

எழும்பாவிட்டால் என்ன நடக்கும் என்று ஒரு பயம். எழும்பினால் அதற்குள் இருக்கும் தாய்மாரின் மனுக்களும் வீட்டு விலாசங்களும் வெளிச்சத்துக்கு வருமே என்று அதைவிடப் பெரிய பயம். அழுத்தினேன். ஒன்றுமில்லை. திரும்ப அழுத்தினேன். வெளிச்சப் புள்ளிகூட வரவில்லை. மூன்றாம் தரம் அழுத்தியபோது மூட்டைகளுக்குப் பின்னால் துவக்கில் குண்டேற்றும் சத்தம் ஒன்று கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்தேன். அப்படியே நிலத்தில் குந்திவிட்டேன். அழுதது எனக்கே தெரியாது.

அப்போது அந்த நானா கையில் ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். "கொஞ்சம் தள்ளுங்க தங்கச்சி. நான் தொறக்கிறேன்."

தொடவேண்டாம் என்று அதிகாரி கத்தினார். இது கம்பியூட்டர்தான், திறந்து காட்டுகிறேன் என்று சிங்களத்தில் ஆறுதலாகச் சொன்னபடியே நானா முழங்காலில் நின்றார். நாலு ஆணிகள். ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மூடியைத் தூக்கி, உள்ளே இருந்த விசிறியை விரலால் சுழற்றிக் காட்டினார். அதிகாரி கிட்ட வந்து குனிந்து பார்த்தார். பிறகு போகச் சொன்னார். பெட்டியைப் பைக்குள் திரும்ப வைத்துத் தந்தவள் அந்தப் பொலிஸ்காரிதான். வயரையும் அவளே சுற்றிப் போட்டாள்.

அந்தக் கிழட்டு டவர் என்றால் முப்பதடித் தூரத்திலேயே எவருக்கும் விளங்கியிருக்கும். பயந்துபோயிருக்கும் ஒருவர் ஒருதரம் பார்த்தே இன்னதென்று கண்டுகொள்ளும் அளவாவது ஒரு சாமானுக்கு இருக்க வேண்டும். என் நியாயம் இவ்வளவுதான்.

ஒரு கிழமை கழித்து நன்றி சொல்லப் போனேன். நானா குடிக்கப் பிளேன்டி வாங்கித் தந்தார். இப்படிச் சின்னக் கணினிகளை நிறையத் திருத்தியிருப்பீர்கள் என்றேன். அவர் தலையாட்டி மறுத்தார்.

"அப்பிடியொண்டை நான் அண்டைக்குத்தான் கண்டேன்."

"பிறகு எப்பிடித் திறந்தனீங்கள்?"

"நீங்க கம்பியூட்டர் எண்டு சொன்னீங்கதானே."

யுத்தம் முடிந்து சாவடியைக் கழற்றினார்கள். கொஞ்சக் காலத்தில் கடையும் இடிபட்டு, அந்த இடத்தில் எட்டு மாடி எழும்பிவிட்டது. நானா எங்கே போனார் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தேன். அப்படியொரு கடை அங்கே இருந்ததே ஒருவருக்கும் தெரியவில்லை. அவருடைய பெயரை நான் கேட்டுவைக்கவுமில்லை.