பதினான்கு கிண்ணம் தேநீர்

பதினான்கு தையல் இயந்திரங்களுக்கும் காலையில் எண்ணெய் விடுவது புருல்சாவின் வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டாள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொட்டு. வழிந்ததைப் பழைய துணியால் துடைத்துவிட்டு, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பாள். முதல் இயந்திரம், பிஷ்கெக் அரசுத் தையல் ஆலை மூடிய வருஷம் ஏழு மாதச் சம்பளத்துக்குப் பதிலாகக் கிடைத்தது. பேருந்தில் ஏற்ற விடவில்லை என்று தங்கையின் குழந்தைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தாள். மற்றவை பத்து வருஷத்தில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. நான் அவளிடம் துணி வெட்டுகிறவள். கடைசி எட்டும் வந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன்.

காகிதத்தில் மட்டும் எங்களிடம் மூன்றுதான். மூன்று என்றால் வரி ஆபீஸ்காரர் ஒரு கவரோடு போய்விடுவார். பதினான்கு என்று தெரிந்தால் தீயணைப்பு, சுகாதாரம், மின்சாரம் என்று எல்லோரும் வருவார்கள். பக்கத்துத் தெருவில் இருபது இயந்திரம் வைத்திருந்தவன் இப்போது டாக்சி ஓட்டுகிறான்.

அதனால் எங்களுக்கு ஒரு பழக்கம். பட்டறை அடுக்குமாடிக் கட்டிடத்தின் நிலவறையில். மேலே மளிகைக் கடை வைத்திருக்கும் சோனுன், கையில் ஃபைலோடு யாராவது வந்தால் வெந்நீர்க் குழாயில் இரண்டு தட்டுத் தட்டுவாள். சத்தம் கீழே வந்ததும் உள் அறையிலிருக்கும் பதினொரு இயந்திரங்களும் நிற்கும். பெண்கள் பின்வாசல் வழியாகப் போய்விடுவார்கள். உள் அறையைப் பூட்டி, அதன் முன்னால் துணி மாட்டும் ஸ்டாண்டை உருட்டிவிடுவோம். மூன்று நிமிஷம் போதும்.

அந்த ஆகஸ்டில் நோவோசிபிர்ஸ்க் வியாபாரி ஒருவர் நாலாயிரம் பள்ளிச் சட்டை கேட்டிருந்தார். துணி வாங்கப் பணம் வேண்டும். சந்தையில் கடன் கொடுப்பவர்களிடம் மாதத்துக்குப் பத்து வட்டி. வாங்கினால் சட்டை தைத்த லாபம் முழுக்க அவர்களுக்குத்தான். வங்கி, இயந்திரங்களையே அடமானமாக எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. வியாழக்கிழமை ஆள் வந்து எண்ணிப் பார்ப்பார். வெள்ளிக்குள் பதில் சொல்லாவிட்டால் வியாபாரி வேறு பட்டறைக்குப் போய்விடுவார்.

ஆள் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டார். சோனுன் குழாயைத் தட்டினாள். நாங்களும் பழக்கத்தில் எல்லாவற்றையும் மறைத்தோம்.

படியிறங்கி வந்தவர், வங்கியிலிருந்து வருவதாகச் சொல்லித் தன் பெயர் தால்கார்ட் என்றார். புருல்சாவின் முகம் வெளுத்தது. அவர் மூன்று இயந்திரங்களையும் சுற்றி வந்தார். நாலாயிரம் சட்டையை மூன்றில் எப்படித் தைப்பீர்கள் என்று கேட்டார். பதினொரு மணித் தேநீர் மேஜையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அதை மறைக்க யாருக்கும் தோன்றவில்லை. அவர் கிண்ணங்களைப் பேனாவால் எண்ணினார்.

"மூணு மிஷினுக்குப் பதினாலு கிண்ணமா, அக்கா? நல்லா டீ குடிக்கிறவங்கதான்."

புருல்சா சிரிக்கவில்லை. மீதி இருக்கிறது, ஆனால் காகிதத்தில் இல்லை என்றாள். அவர் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"பதினாலுன்னு எழுதினா கடன் வரும். ஆனா இந்தக் காகிதம் எங்க வங்கியோட நிக்குமா, வரி ஆபீசுக்கும் போகுமான்னு நான் சொல்ல முடியாது. நிக்க வைக்க ஒருத்தர் இருக்கார். கடன்ல பத்துல ஒண்ணு கேப்பார்."

"நீங்கதானே அவரு?"

"அதை விடுங்க அக்கா."

பத்தில் ஒன்று போனால் பித்தானுக்கும் காலர் துணிக்கும் இல்லை. இது எனக்கே தெரியும், அவளுக்குத் தெரியாதா. ஏப்ரன் பைக்குள் கையை விட்டுச் சாவியைப் பிடித்தபடி நின்றாள். அப்போது சோனுன் படியில் தலையை நீட்டி, வந்தவரைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்: "பளபளன்னு ஷூ, கையில ஃபைல். நான் என்னத்தைக் கண்டேன்? வங்கிக்காரன்னு நெத்தியில எழுதியிருக்கா?"

புருல்சா ஸ்டாண்டைத் தள்ளினாள். பூட்டைத் திறந்து, விளக்கைப் போட்டாள்.

"எண்ணிக்குங்க தம்பி. பத்துல ஒண்ணு என்கிட்ட இல்ல. இருக்கிறதை அப்படியே எழுதுங்க."

அவர் உள்ளே போய் ஒவ்வொன்றின் வரிசை எண்ணையும் குனிந்து பார்த்து எழுதினார். அரை மணி நேரம் ஆனது. பின்வாசலில் ஒதுங்கியிருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுவரோரம் நின்றார்கள். தேநீர் ஆறிப் போயிருந்தது. கடைசியில் அவர் காட்டிய இடத்தில் புருல்சா கையெழுத்துப் போட்டாள். எண்ணெய்க் கறை படிந்த கட்டைவிரல் காகித ஓரத்தில் பதிந்தது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள வந்துடுமா?" என்றாள். அவர் மை உலர ஊதினார். அவள் மறுபடியும், "வரி ஆபீஸ்ல கேட்டா இதைக் காட்டுவீங்களா, தம்பி?" என்றாள்.

தால்கார்ட் ஃபைலை மூடி, நாடாவைக் கட்டி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியேறினார்.