என் பெயரில் ஓடிய தொலைக்காட்சி

நீதிமன்றக் கடிதத்தைக் கொண்டுவந்தவர் என் பெயரை மிகவும் சிரமப்பட்டு வாசித்தார். நான்தான் அந்த ஆளா என்று இரண்டு தரம் கேட்டார். தலையாட்டினேன். உறையைத் தந்துவிட்டு, பனியில் சறுக்காமல் மெல்ல மெல்ல நடந்து தன் காருக்குப் போனார்.

எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. தமிழ் நன்றாக வாசிப்பேன். ஆங்கிலத்தில் பஸ்ஸின் பலகையும், வேலைத்தலத்தில் ஒட்டிவைக்கும் அறிவித்தல்களும் விளங்கும். அந்தக் கடிதத்தில் எனக்கு விளங்கியவை இரண்டுதான். ஒன்று என் பெயர். மற்றது தொலைக்காட்சி இணைப்புத் தருகிற கம்பனியின் பெயர். என் அறையில் தொலைக்காட்சியே இல்லை.

அதற்கு முந்திய கிழமைதான் எனக்கு அப்பார்ட்மென்ட் இல்லை என்று சொல்லியிருந்தார்கள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு மனைவிக்கும் மகளுக்கும் விசா வரப்போகிறது என்று கடிதம் கிடைத்திருந்தது. வெக்ஸ்போர்ட் பக்கம் ஒரு வீட்டின் நிலத்துக்குக் கீழே உள்ள பேஸ்மென்ட்டில், இன்னும் மூன்று ஆண்களோடு சமையலுக்கு ஒரு குசினியைப் பங்கிட்டுக்கொண்டு இருக்கிறவன் நான். அங்கே அவர்களைக் கூட்டிவர முடியாது. பக்கத்து வீதியில் உள்ள உயர்ந்த கட்டடமொன்றில் ஓர் அறையும் கூடமும் கொண்ட வீடு காலியாக இருந்தது. கூடத்து யன்னலால் வெயில் வந்தது. மகள் படுக்க அந்தக் கூடம் போதும் என்று மனதுக்குள் அளந்தும் வைத்துவிட்டேன். ஆனால் கட்டடத்து மனேஜர் அம்மா கடன் கட்டிய பதிவான என் கிரெடிட்டைப் பார்த்துவிட்டு, உன் பெயரில் பிழை இருக்கிறது, தர இயலாது என்றார். என்ன பிழை என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

என் பெயரில் பிழை என்பதை என்னால் நம்ப முடியவில்லை. ஹோட்டல் துணிகளைத் தோய்த்து மடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன். ஒருநாளும் பிந்திப் போனதில்லை. கிரெடிட் கார்ட்டில் வாங்கியதை அந்த மாதமே கட்டிவிடுவேன். பேஸ்மென்ட்டில் இருந்தவர்களுக்குள் என் பெயர்தான் சுத்தமான பெயர் என்று எல்லோரும் சொல்வார்கள். யாருக்காவது டெலிபோன் இணைப்பு எடுக்க வேண்டுமென்றால் என் பெயரைத்தான் கேட்பார்கள். நம்மவர்கள் நடுவே இது பெரிய விஷயமில்லை. ஒருவரிடம் வான் இருந்தால் வீடு மாறும்போது தருவதில்லையா? என்னிடம் பெயர் இருந்தது. நான்கு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்காத என்னை ஆட்கள் தேடி வந்து ஒன்றைக் கேட்பது எனக்குப் பிடித்தும் இருந்தது. அதை இப்போது ஒளிக்க வேண்டியதில்லை.

தொலைக்காட்சி இணைப்பை அண்ணைக்காக எடுத்துக் கொடுத்தேன். அண்ணை என்றால் கூடப் பிறந்தவரல்ல. பேஸ்மென்ட்டின் பெரிய அறையில் மனைவியோடு குடியிருந்தவர். முன்பு ஒரு பலசரக்குக் கடை நடத்தி, அது படுத்துப்போய், அவருடைய பெயர் கெட்டுவிட்டது. அவர் மனைவியை நான் அக்கா என்பேன். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து அக்கா நாள் முழுக்க அறைக்குள்ளேயே இருந்தார். தமிழ்ச் சனல் இருந்தால் அவளுக்குப் பொழுது போகும் என்று அண்ணை கேட்டார். கம்பனிக்காரர் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன். மாதாமாதம் அண்ணையே போய்க் காசு கட்டினார். நான் நியுமோனியாவில் கிடந்தபோது அக்கா அந்த முழங்காலோடு எனக்குக் கஞ்சி காய்ச்சித் தந்தார்.

பிறகு அவர்களுடைய மகளும் மருமகனும் மில்லிக்கன் பக்கம் வீடு வாங்கி அவர்களைக் கூட்டிப் போனார்கள். தொலைக்காட்சியும் சனல் வரக் கம்பனி கொடுத்த பெட்டியும் கூடவே போயின. கடிதங்கள் மட்டும் பேஸ்மென்ட்டுக்கு வந்துகொண்டிருந்தன.

நான் செய்த பிழை இங்கேதான். உறையின் மேல் என் பெயர் இருந்தது. ஆனால் அது அண்ணையின் தொலைக்காட்சி. அதனால் கடிதமும் அண்ணையுடையது என்று நினைத்தேன். மற்றவருடைய கடிதத்தை உடைப்பது மரியாதை இல்லை. ஒன்றையும் உடைக்காமல் சேர்த்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் தமிழ்ப் பூசை முடிந்ததும் வெளியே அண்ணையின் கையில் கொடுப்பேன். “பாக்கிறன் தம்பி” என்று கோட்டுப் பைக்குள் வைப்பார். இரண்டு குளிர்காலம் இப்படியே போனது.

நீதிமன்றக் கடிதத்தோடு ஒரு சட்ட உதவி நிலையத்துக்குப் போனேன். அங்கே வேலை செய்த தமிழ்ப் பெண் அதை வாசித்து, இரண்டு வருடம் இணைப்புக் காசு கட்டவில்லை, பெட்டியும் திருப்பிக் கொடுக்கவில்லை, அதற்குத்தான் வழக்கு என்று விளங்கப்படுத்தினார். வழக்கில் தோற்றால் அதுவும் என் பெயரில் ஏறும். அப்பார்ட்மென்ட் இன்னும் தூரமாகப் போய்விடும்.

“உண்மையா இந்த ரிவியைப் பாத்தது ஆர்?” என்று கேட்டார்.

நான் கடிதத்தை எடுத்து மடிக்கத் தொடங்கினேன்.

“அவற்ற பேரைச் சொன்னியள் எண்டால் அவரையும் வழக்குக்குள்ள இழுக்கலாம். சொல்லாட்டி முழுக்க உங்கட தலையிலதான் வரும். யோசிச்சுச் சொல்லுங்கோ.”

அடுத்த சனிக்கிழமை இரண்டு பஸ் மாறி மில்லிக்கனுக்குப் போனேன். அக்கா சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று குசினிக்குள் போனார். அண்ணை என்னைக் கராஜுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். கடிதத்தை நீட்டினேன். வாசிக்கக் கண்ணாடி தேடினார். கண்ணாடி நெற்றியில்தான் இருந்தது. கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

“வயரைக் கழட்டினா அது நிண்டிடும் எண்டெல்லோ நினைச்சன்.”

இந்த வீட்டில் மருமகன் வேறு இணைப்பு வைத்திருந்ததால் பழைய பெட்டியை ஒருநாளும் அவர்கள் தொலைக்காட்சியில் பூட்டவே இல்லையாம். நான் கொடுத்த கடிதங்களை, திரும்ப இணைப்பு எடுக்கச் சொல்லிக் கம்பனி அனுப்பும் விளம்பரங்கள் என்று நினைத்தாராம். அலுமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு பையை எடுத்தார். உள்ளே துவாயால் சுற்றிய பெட்டி, அதன் ரிமோட், நான் கொடுத்த கடிதங்கள் அத்தனையும். அவர் ஒன்றைக்கூட உடைக்கவில்லை. என் பெயர் எழுதிய கடிதத்தை அவர் எப்படி உடைப்பார்?

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். கடைக் கடனையெல்லாம் கட்டித் தீர்த்தவர் மருமகன். இனி யாரிடமும் ஒன்றும் வாங்கக் கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குள் சேர்த்திருந்தார்.

“மருமோனுக்குத் தெரிஞ்சால் நான் இந்த வீட்டில தலை நிமிந்து இருக்கேலாது தம்பி. நீர் என்ர பேரைச் சொல்லாதையும்.”

எனக்கு அப்பார்ட்மென்ட் வேண்டும், பிள்ளை வரப்போகிறாள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்கா சாப்பிடக் கூப்பிட்டார். திரும்பி வரும்போது பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தேன். சொல்வதா விடுவதா என்று ஒவ்வொரு தரிப்பிடத்துக்கும் ஒரு முடிவு எடுத்தேன்.

நீதிமன்றம் என்றால் பெரிய கட்டடம், பொலிஸ், கூண்டு என்று நினைத்துப் பயந்திருந்தேன். இப்போது அதெல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்றார்கள். முதலில் சமாதானமாகத் தீர்க்கப் பார்க்கும் கூட்டமாம். நிலையத்தின் சின்ன அறையொன்றில் எனக்கு இடம் தந்தார்கள். நல்ல சேர்ட்டும் பூசைக்குப் போடும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு போனேன். திரையில் நீதிபதி தோன்றியதும் மரியாதைக்கு எழுந்து நின்றேன். நெடுநேரம் நின்றேன். கம்ப்யூட்டரில் என் பெல்ட் மட்டும் தெரிகிறது என்று நிலையத்துப் பெண் என் கையைப் பிடித்து இருத்தினார்.

திரையில் ஒரு கட்டத்துக்குள் நீதிபதி, அவருக்குப் பின்னால் புத்தகங்கள். இன்னொன்றில் கம்பனியின் பெண். மூன்றாவதில் மொழிபெயர்க்கும் அம்மா. அவர் இந்தியத் தமிழர், என்னை ஐயா என்று கூப்பிட்டார். என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

நீதிபதி கேட்ட முதல் கேள்வியே நான் பயந்த கேள்வி. “ஐயா, இந்த டிவியை வீட்ல யார் பார்த்தாங்கன்னு கேக்கறார்” என்றார் அந்த அம்மா.

“நான் பாக்கேல்லை. வேற ஆளுக்கு எடுத்துக் குடுத்தனான். ஆனால் பேர் என்ர பேர். நான் விரும்பித்தான் குடுத்தனான்.”

அந்த ஆளின் பெயரைச் சொல்ல விருப்பமா என்று நீதிபதி கேட்டார். பக்கத்தில் இருந்த நிலையத்துப் பெண் என்னைப் பார்த்தார். நான் இல்லை என்றேன்.

இதைப் பெருந்தன்மை என்று யாரும் எண்ணக் கூடாது. அந்த நேரத்தில் கஞ்சியையோ நன்றியையோ நான் நினைக்கவில்லை. அடுத்த ஞாயிறு கோவிலுக்கு வெளியே அவர்கள் இருவருக்கும் முன்னால் எப்படி நிற்பது என்றுதான் நினைத்தேன். கூச்சமுள்ளவனுக்கு எதிர்காலம் என்பது அவன் முகம் கொடுக்க வேண்டிய அடுத்த ஆள்தான்.

ஆனால் பெட்டியைக் கொண்டுபோயிருந்தேன். துவாயை அவிழ்த்து, அதைத் தூக்கி கமராவுக்கு முன்னால் பிடித்தேன். பிறகு உடைக்காத கடிதங்களை விசிறிபோல விரித்துக் காட்டினேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு முன்னால் குனிந்தார். இவற்றை ஏன் உடைக்கவில்லை என்று கேட்டார். என்னுடையவை அல்ல என்று நினைத்தேன் என்றேன். அதை மொழிபெயர்க்க அந்த அம்மா கொஞ்ச நேரம் எடுத்தார்.

கம்பனியின் பெண் பெட்டியின் அடியில் உள்ள இலக்கத்தை வாசிக்கச் சொன்னார். எங்கேயோ தேடிப் பார்த்தார். அண்ணை வீடு மாறிய மாதத்துக்குப் பிறகு அந்தப் பெட்டி ஒரு நாள்கூட ஓடவில்லை என்பது அவர்களிடமே பதிவாக இருந்தது. பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அந்தக் கடைசி மாதத்துக் காசை மட்டும் கட்ட வேண்டும், வழக்கை எடுத்துவிடுகிறோம் என்றார். நீதிபதி அதை எழுதிக்கொண்டார். திரை கறுப்பானது. பெட்டி இன்னும் என் கையில் உயரத்தில்தான் இருந்தது.

வழக்கு தீர்ந்ததாக நீதிமன்றம் அனுப்பிய கடுதாசியோடு மனேஜர் அம்மாவிடம் ஓடினேன். அதே கட்டடத்தில் வேறொரு மாடியில் வீடு ஒன்று காலியாகியிருந்தது. அவர் கடுதாசியைப் பொறுமையாக வாசித்தார். வழக்கு முடிந்தது நல்லது, ஆனால் உன் பெயரில் விழுந்த புள்ளி உடனே அழியாது என்றார். பெயர் சுத்தமான ஒருவர் உன் வாடகைக்குப் பிணையாகக் கையெழுத்து வைத்தால் இந்தக் கிழமையே தரலாம் என்றும் சொன்னார்.

அதாவது நான் இப்போது ஒருவரிடம் பெயர் கேட்க வேண்டும். எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன், ஒருநாளும் கேட்டதில்லை. டெலிபோனில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழே பார்த்தேன். ஒருவருக்கும் அடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வெளியே, வீடு சரிவந்துவிட்டதா என்று அக்கா கேட்டார். இல்லை, ஒரு ஆளின் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அண்ணை அருகில் நின்றார். தன் கையுறையைக் கழற்றிக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை அவருடைய மருமகன் டெலிபோன் எடுத்து, எந்தக் கட்டடம் என்று கேட்டார். இங்கேயே வளர்ந்தவர், சுருக்கமாகப் பேசுவார். மனேஜரின் அலுவலகத்துக்கு வேலை உடுப்போடு வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

“மாமா எல்லாம் சொன்னவர் அங்கிள். ரெண்டு நாள் சாப்பிடாமல் இருந்திட்டுச் சொன்னவர். நான் ஏதோ வருத்தம், டொக்டரிட்டக் கொண்டுபோகோணுமாக்கும் எண்டு நினைச்சிட்டன்.”

அண்ணை எந்த வாயால் அதைச் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். நீதிமன்றத்தில் நான் சொல்லாமல் விட்ட பெயரை அவரே தன் வீட்டு மேசையில் வைத்திருக்கிறார்.

மனேஜர் அம்மா கடுதாசிகளைத் தள்ளினார். மருமகன் பேனையை எடுத்தார்.

“தம்பி, வாசிச்சிட்டு வையுங்கோ. நான் வாசிக்காமல் வைச்சனான்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பேனையை வைத்துவிட்டு ஒவ்வொரு பக்கமாக வாசித்தார். ஓரிடத்தில் நிறுத்தி மனேஜரிடம் ஏதோ கேட்டார். அவர் மணிக்கூட்டைப் பார்த்தபடி பதில் சொன்னார். மருமகன் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“வாடகை ஒரு கிழமை பிந்தினாலும் எனக்குக் கோல் பண்ணோணும் அங்கிள். மாமா மாதிரி வெக்கப்பட்டுக்கொண்டு இருக்கக்கூடாது. சரியோ?”

வெட்கப்படாமல் இருக்க என்னால் இயலுமா என்று எனக்குத் தெரியாது. ஓம் என்றேன்.