தறி வீட்டுக் குரல்

திருத்தணியில் என் மகள் படிக்கும் பள்ளியில் கூட்டம். வகுப்பறை எப்படி இருக்க வேண்டும் என்று பிள்ளைகளையே கேட்கிறார்களாம். ஒரு சிறுமி எழுந்து உரக்கத் தன் யோசனையைச் சொன்னாள். "கத்தாத! மெதுவா பேசத் தெரியாதா?" என்றார் டீச்சர். அவள் முகம் சுருங்கி உட்கார்ந்துவிட்டாள்.

அந்தக் 'கத்தாத' என்னைப் பொதட்டூர்பேட்டைக்கே இழுத்துப் போனது. எங்கள் வீட்டுக் கூடத்தை அடைத்துக்கொண்டு விசைத்தறி ஓடும். நூல் தூசு, எண்ணெய் வாடை, விடாத தடதடப்பு. சோறு கேட்பதென்றாலும் கத்த வேண்டும். "கெட்டியா சொல்லு கண்ணு, காதுல உழல" என்பார் நைனா. அதே குரலில்தான் வகுப்பில் ஒரு கணக்கில் சந்தேகம் கேட்டேன். "இன்னா திமிரு!" என்று வெளியே நிறுத்தினார்கள். ஏன் இப்படிப் பேசுகிறாய் என்று ஒருவராவது கேட்டார்களா? பள்ளி முடியும்வரை அங்கே நான் வாயே திறக்கவில்லை.

இன்று எழுந்தேன்.

"மிஸ், அந்தப் பொண்ணு இன்னா சொல்லுச்சு? சொல்லுங்க!"

மொத்தக் கூட்டமும் திரும்பிப் பார்த்தது. டீச்சர் விழித்தார். அவள் அவ்வளவு சத்தமாகச் சொல்லியும் அவர் காதில் ஒரு வார்த்தைகூட விழவில்லை.