உள்ளங்கைச் சீனி

அட்டைக் கடி ஆறவில்லை. என் நோய் இப்படித்தான் தெரிய வந்தது.

நான் இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். வயது நாற்பத்தொன்பது. மழைக்காலத்தில் ஒரு நாளைக்கு நாலைந்து அட்டையாவது காலில் ஏறும். பிடுங்கி எறிவோம், சுண்ணாம்பு தடவுவோம், வேலையைப் பார்ப்போம். இரண்டு நாள் அரிக்கும், பிறகு காய்ந்துவிடும். போன வருடம் இடது காலில், சுண்டு விரல் இடுக்கில் கடித்த அட்டையின் காயம் மூன்று வாரமாகியும் காயவில்லை. ஈரமாகவே இருந்தது. வலி இல்லை. வலி இல்லாததால் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. வலிக்காத புண்தான் மோசமான புண் என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் உங்களுக்குச் சொல்கிறேன்.

அதற்கு முன்பே அடையாளங்கள் இருந்தன. தாகம் தாகமாக எடுத்தது. மலையில் மற்றவர்கள் ஒரு முறை ஒதுங்கினால் நான் நாலு முறை ஒதுங்கினேன். எங்களை வேலை வாங்கும் கங்காணி, நான் வேலைக்கு ஏய்க்கிறேன் என்று கத்தினார். நானும் திருப்பிக் கத்தினேன். அது நோய் என்று இரண்டு பேருக்கும் தெரியாது.

கடைசியில் சொன்னது பாக்கியம். எனக்குப் பக்கத்து நிரையில் பறிக்கிறவள், வாயில் பூட்டுக் கிடையாது.

"சரசக்கா, கோவிச்சிக்காதீங்க. உங்க காலு நாறுது."

"உன் வாய விடவா?"

"என் வாய அப்புறம் பாப்போம். மொதல்ல காலக் காட்டுங்க."

செருப்பைக் கழற்றினேன். விரல் கறுத்திருந்தது. பாக்கியம் என் கையைப் பிடித்து எழுப்பினாள். அன்றைக்கே தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனோம். அங்கே விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உடனே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார்கள்.

ஆஸ்பத்திரி டொக்டர் சின்ன வயதுப் பெண், சிங்களவர். தமிழைத் தேடித் தேடிப் பேசினார். எனக்கு நீரிழிவு (இரத்தத்தில் சீனி கூடிப்போகும் நோய்) என்றார். பல வருடமாக இருந்திருக்கும் என்றார். காலில் நரம்பு மரத்துப் போயிருந்தது. அதனால்தான் வலிக்கவில்லை.

"அம்மா, இந்தச் சீனி கொறய வேணும். இல்லாட்டி விரல் எடுக்க வரும். பொறகு கால்."

கால் என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்திருக்காது. செங்குத்து மலையில் முதுகில் பாரத்தோடு ஏறி இறங்குகிறவளுக்குக் காலைத் தவிர வேறு என்ன இருக்கிறது? கால் போனால் வேலை போகும். என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் சளி, ஃபெக்டரி வேலையை விட்டு மூன்று வருடம் ஆகிறது. வீட்டில் தோட்டத்துப் பெயர் பதிவில் இருப்பது நான் ஒருத்திதான். நாங்கள் குடியிருக்கும், தோட்டத்துக்குச் சொந்தமான லயக் காம்பராவும் அந்தப் பெயரில்தான் நிற்கிறது.

"தேத்தண்ணிக்குச் சீனி போட வாணாம். ஹரித, சரியா?" என்றார் டொக்டர்.

"சரிங்க மிஸ்" என்றேன்.

மாத்திரையும் ஒரு கடதாசியும் தந்தார்கள். கடதாசியில் ஆப்பிளும் ஓட்ஸும் படமாகப் போட்டிருந்தது. தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொல்லி ஒரு வரியும் இருந்தது. அதை என் வீட்டுக்காரர் சத்தமாக வாசித்தார். நாங்கள் இருவரும் சிரித்தது அந்த வாரத்தில் அது ஒரு முறைதான்.

டொக்டர் சொன்னபடியே செய்தேன். அன்று மாலையிலிருந்து தேத்தண்ணியில் ஒரு கரண்டி சீனிகூடப் போடவில்லை. கையில் வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மலையில் பத்து மணிக்குப் போத்தலைத் திறந்து சாயத்தண்ணியை ஊற்றுவோம். பால் இருக்காது. சீனியை இடது உள்ளங்கையில் கொட்டிக்கொள்வோம். ஒரு நக்கு சீனி, ஒரு மிடறு தேத்தண்ணி. கோப்பைக்குள் போட்டால் சீனி அதிகம் பிடிக்கும், கையில் வைத்தால் கொஞ்சத்தோடு முடியும் என்பது எங்கள் கணக்கு. பஞ்சத்தில் பிறந்த வழக்கமாக இருக்கலாம். எனக்குத் தெரியாது. நக்கிக் குடிப்பதை நாங்கள் யாரும் சீனி சாப்பிடுவதாக நினைத்ததில்லை. டொக்டர் சொன்னதும் நான் வீட்டில் குடிக்கிற தேத்தண்ணியையும் இந்த வழிக்கு மாற்றினேன். பெரிய தியாகம் செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து கிளினிக்கில் இரத்தம் சோதித்தார்கள். சீனி முன்பைவிடக் கூடியிருந்தது. புண் எலும்புப் பக்கம் இறங்கியிருந்தது.

டொக்டர் கிளினிக் கொப்பியை மேசையில் போட்டார். "அம்மா, பொய் சொல்ல வாணாம்."

"நான் ஏங்க பொய் சொல்லணும்? ஒரு கரண்டி சீனி தேத்தண்ணில விழுந்திருந்தா என் கை அழுகிப் போவட்டும். இந்தா நிக்கிறாரே, இவரக் கேளுங்க."

"ஆமாங்க மிஸ், போடல" என்றார் என் வீட்டுக்காரர். அவரும் பொய் சொல்லவில்லை.

கோபத்தில் வெளியே வந்து வாங்கில் உட்கார்ந்தேன். இரத்தப் பரிசோதனைக்காக விடியற்காலையிலிருந்து வெறும் வயிறு. தலை சுற்றியது. பையிலிருந்து போத்தலை எடுத்தேன். சீனிப் பொட்டலத்தைப் பிரித்துக் கையில் கொட்டினேன். முதல் நக்கு நக்கும்போது முன்னால் நேர்ஸ் மிஸ்ஸி நின்றார். அவர் ஹட்டன் பக்கத்துத் தமிழ்ப் பெண்.

"என்னம்மா அது கையில?"

"சீனி."

"டொக்டர் என்ன சொன்னாங்க?"

"தேத்தண்ணில போட வேணான்னாங்க. நான் போடலயே."

அவர் என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "ஐயோ அம்மா! அது என்ன, வயித்துக்குள்ள போகாம காதுல போகுதா?"

வரிசை முழுதும் சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். எனக்கு எதிரே இருந்த ஒரு அம்மா, சிரித்துக்கொண்டே தன் இடது கையை முந்தானையில் துடைத்தார்.

மிஸ்ஸி என்னைத் திரும்ப உள்ளே இழுத்துப் போனார். சிங்களத்தில் விளக்கினார். டொக்டர் சிரிக்கவில்லை. கிளினிக் கொப்பியைத் திரும்ப எடுத்தார். பிறகு, நாளைக்கு ஒரு நாள் முழுதும் கையில் எடுக்கும் சீனியை நக்காமல் ஒரு கிளாசில் போட்டு வைத்துப் பார்க்கச் சொன்னார்.

அடுத்த நாள் அதைச் செய்தேன். எழும்பியதும் ஒரு கை. பெரட்டில் பெயர் கொடுக்கப் போகும் முன்பு ஒரு கை. மலையில் பத்து மணிக்கு, பகலில், பின்னேரம் கொழுந்து நிறுத்த பிறகு. மலையில் எடுத்ததைத் துண்டுக் கடதாசியில் மடித்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். வீட்டில் இன்னும் இரண்டு கை. எல்லாவற்றையும் தேத்தண்ணிக் கிளாசில் கொட்டினேன். பாதிக் கிளாசுக்கு வந்தது.

என் வீட்டுக்காரர் கிளாசைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"புள்ள, இது ஒரு நாளைக்கா?"

"ஒரு நாளைக்குத்தான்."

"மாட்டுக்குக்கூட இவ்வளவு புண்ணாக்கு வைக்க மாட்டாங்களே."

அந்தக் கிளாசை நான் கழுவவில்லை. அடுப்புக்கு மேலே தட்டில் வைத்தேன். எறும்பு ஏறியது. ஏறட்டும் என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு நாளும் அதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.

சீனியை நிறுத்துவது எப்படி இருந்தது என்று கேட்பீர்கள். கேவலமாக இருந்தது. முதல் வாரம் தலைவலி. யாரைப் பார்த்தாலும் எரிச்சல். எங்களுக்குக் கிடைப்பது அடித்தட்டுத் தூள். நல்ல தேயிலை எல்லாம் கப்பலில் போகிறது. அந்தத் தூளைச் சீனி இல்லாமல் குடிப்பது வேப்பிலைச் சாறு குடிப்பது போல. பழகப் பழக தேத்தண்ணியின் உண்மையான ருசி தெரியும் என்று மிஸ்ஸி சொன்னார். முப்பது வருடம் நான் பறித்த இலை. இன்றைக்கும் எனக்கு அது கசக்கிறது. குடிக்கிறேன், அவ்வளவுதான்.

பெரிய தொல்லை வாய் அல்ல, கை. போத்தலைத் திறந்தால் இடது கை தானாக விரிந்தது. அதை என்னால் தடுக்க முடியவில்லை. பாக்கியம்தான் வழி சொன்னாள்.

"ரெண்டு கையாலயும் கோப்பையப் புடிங்க அக்கா. அப்ப எந்தக் கையில சீனி வைப்பீங்க, மூணாவது கையிலயா?"

கிண்டலாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த மாத்திரைகளைவிட அதுதான் எனக்கு வேலை செய்தது. இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்தேன். மற்றப் பெண்கள் "கோயில்ல தீர்த்தம் வாங்குறாங்க பாரு" என்றார்கள். பேசட்டும். பாக்கியம் தன் சீனியை நக்கிக்கொண்டே அவர்களோடு சேர்ந்து சிரித்தாள்.

ரொட்டி அடுத்த சண்டை. கோதுமை மா ரொட்டியும் வயிற்றுக்குள் போய்ச் சீனியாகத்தான் மாறும் என்று மிஸ்ஸி சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. காலையில் ரொட்டி, பகலில் ரொட்டி, அதுதான் எங்கள் சாப்பாடு. நாலை இரண்டாக்கினேன். மீதி இடத்தைப் பருப்பாலும் வல்லாரைக் கீரையாலும் நிரப்பினேன். கடதாசியில் இருந்த ஆப்பிளை நான் இன்றுவரை வாங்கவில்லை.

அடுத்தவர் வீட்டுக்குப் போவதையும் குறைத்தேன். என் நாத்தனார் சீனி போட்டுத்தான் தேத்தண்ணி தந்தாள். வேண்டாம் என்றேன். "சீனி இல்லாம குடுத்தா ஊர் என்ன பேசும்? ஒரு நாளைக்குக் குடிச்சா செத்தா போவீங்க மதினி?" என்றாள். காலைத் தூக்கி அவள் முன்னால் வைத்தேன். கட்டைப் பிரித்துக் காட்டினேன். அவள் எழும்பி அடுப்படிக்குப் போனாள். சீனி போடாத தேத்தண்ணி வந்தது. மரியாதை இல்லாமல் நடந்துகொண்டேன் என்று பின்னால் சொன்னாளாம். உண்மைதான். நீங்களும் அப்படித்தான் நடக்க வேண்டி வரும்.

அடுத்த பரிசோதனையில் சீனி இறங்கியிருந்தது. ஆனால் எக்ஸ்ரேயில் சுண்டு விரல் எலும்பு அரித்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த சத்திர சிகிச்சை டொக்டர் கொப்பியைப் புரட்டினார்.

"விரல் போகும்மா. ஆனா சீனி கொறஞ்சிருக்கு, புண் ஆறும். இப்படிக் கொறயாம வந்திருந்தா முழங்காலுக்குக் கீழ வெட்டியிருப்பேன்."

விரலை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் போர்வையை விலக்கிக் காலைத்தான் பார்த்தேன். கட்டுக்குக் கீழே பாதம் இருந்தது. அது போதும் என்று திரும்பப் படுத்தேன்.

அந்த இரண்டு மாதம் சரியாக இருந்திருந்தால் விரல் தப்பியிருக்குமா என்று வெட்டிய டொக்டரிடம் கேட்டேன். தெரியாது என்றார். நான் தப்பியிருக்கும் என்றே நினைக்கிறேன். என் மேலும் கோபம் இருக்கிறது. கிளினிக் டொக்டர் மேலும் கோபம் இருக்கிறது. "தேத்தண்ணிக்குச் சீனி போட வேண்டாம்" என்று சொன்னவர், "எப்படிக் குடிக்கிறீர்கள்" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானும் என் கையில் இருப்பதைச் சீனி என்று நினைத்திருக்கலாம். இப்போது அந்த டொக்டர் வருகிற எல்லோரிடமும் இடது உள்ளங்கையைக் காட்டச் சொல்கிறாராம். மிஸ்ஸி சொன்னார்.

நாலு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். சுண்டு விரலுக்கு என்ன வேலை என்று அதுவரை நினைத்திருந்தேன். சரிவில் நின்று கை நீட்டி எட்டிப் பறிக்கும்போது, உடம்பைப் பிடித்து நிறுத்துவது அதுதான். இப்போது இடது பக்கம் சாய்ந்தால் விழப் பார்க்கிறேன். மெதுவாகப் பறிக்கிறேன். கொழுந்து குறைகிறது. கங்காணி கத்துகிறார். நான் திருப்பிக் கத்துகிறேன். அது மட்டும் மாறவில்லை.

முன்பு எனக்கு ஒரு நாள் என்பது தேத்தண்ணியிலிருந்து தேத்தண்ணி வரை. இப்போது கிளினிக் திகதியிலிருந்து கிளினிக் திகதி வரை.

என் பாதத்துக்கு இன்னும் உணர்ச்சி இல்லை. முள் குத்தினாலும் தெரியாது, கல் அறுத்தாலும் தெரியாது. அதனால் வேலை முடிந்து வந்ததும் வாசலில் உட்கார்ந்து, சப்பாத்தைக் கழற்றி, இரண்டு காலையும் கழுவித் துடைத்து, இடது உள்ளங்கையால் அடிப்பாதம் முழுதும் தடவிப் பார்க்கிறேன். ஈரம் இருக்கிறதா, சூடு இருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா. விரல் இருந்த இடத்தில் கொஞ்ச நேரம் கை நிற்கும். கால் சொல்லாததை அந்தக் கைதான் எனக்குச் சொல்கிறது. அதற்கு இப்போது அந்த வேலையைக் கொடுத்திருக்கிறேன்.

பிறகு கையைக் கழுவுகிறேன். தேத்தண்ணி ஊற்றுகிறேன். கை விரிகிறது. இன்னும் விரிகிறது. கோப்பையை அதில் வைத்து, மற்றக் கையால் மூடிப் பிடித்துக் குடிக்கிறேன்.